குப்பைக் கிண்ணத்தில் வளர்ந்த வளையம்

எனக்கு மூக்குமேல் கோபம் வரும். வீட்டில் எல்லோரும் பழகிவிட்டார்கள். பெங்களூர் பொம்மசந்திராவில் நான் வேலை பார்த்த லேபில்தான் பாவம், யாருக்கும் பழகவில்லை.

மனித செல்களை ஜவ்வரிசியைவிடப் பொடியான ஜெல் உருண்டைகளுக்குள் அடைப்பது எங்கள் வேலை. அந்த உருண்டைகளை மோதிரம் போன்ற அச்சில் நிரப்பி, செல்களுக்கான சத்துநீர் ஊற்றி, உடம்புச் சூட்டிலேயே இருக்கும் இன்குபேட்டருக்குள் வைப்போம். செல்கள் மெல்ல வெளியே வந்து பக்கத்து உருண்டையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு வாரத்தில் எல்லாம் சேர்ந்து ஒரே திசு வளையமாகிவிட வேண்டும். இப்படி வளையங்களை அடுக்கி ஒருநாள் ரத்தக்குழாய் செய்யலாம் என்பது எங்கள் மேடத்தின் கனவு.

என் வளையம் மட்டும் இடுக்கியால் தூக்கினால் பொலபொலவென்று உதிர்ந்தது. மூன்று முறை! "வர்ற வெள்ளிக்கிழமையும் நிக்கலேன்னா இதை மூடிடலாம்மா" என்றார் மேடம். மூடினால் ஒப்பந்தத்தில் இருந்த எனக்கு வேலை போய்விடும். அந்த வேலையைப் போல எனக்கு எதுவும் பிடித்ததில்லை. பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் எரிந்து விழுவேன்.

உருண்டைகள் ஒழுங்காக இல்லாததுதான் தப்பு என்று முடிவு கட்டினேன். மைக்ரோஸ்கோப்பில் குனிந்து உட்கார்ந்து, மூளி, நசுங்கல், இரட்டை என்று ஒவ்வொன்றாக உறிஞ்சி எடுத்து வேறொரு கிண்ணத்தில் தள்ளினேன். கழுத்து பிடித்துக்கொண்டது. மிச்சம் இருந்தவை அத்தனையும் அச்சில் வார்த்த மாதிரி உருண்டை. அவற்றை மட்டும் வளைய அச்சில் நிரப்பினேன். எனக்கே பெருமை தாங்கவில்லை.

"இதை என்னக்கா பண்றது?" என்றாள் பக்கத்து மேஜைக்காரி. பிரேசர் டவுனிலிருந்து வருகிறவள், என்னைவிட ஐந்து வயது சின்னவள், நிரந்தர வேலையில் இருப்பவள்.

"கொட்டு."

"உள்ளே உயிரோடதானே இருக்கு?"

"அதுக்கு? மாலை போட்டு உட்கார வைக்கணுமா? கொட்டும்மா, சும்மா நை நைன்னு."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை காலை மேடம் பக்கத்தில் வந்து நின்றார். அச்சுக்குள் இடுக்கியை விட்டு வளையத்தைத் தூக்கினேன். என் அழகான உருண்டைகள் ஒன்றுகூட மிச்சமில்லாமல் உதிர்ந்தன. அங்கேயே அழுதுவிடுவேன் போலிருந்தது.

அப்போது அவள் இன்குபேட்டரைத் திறந்து ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். "அக்கா, திட்டக்கூடாது" என்றாள்.

நான் ஒதுக்கிய மூளிகள்! கொட்டாமல் ஒரு அச்சில் போட்டு, நாள் தவறாமல் சத்துநீர் மாற்றியிருக்கிறாள். இடுக்கியால் தூக்கினேன். கோணல்மாணலாக ஒரு வளையம், சொட்டுச் சொட்டாக நீர் வடிய, முழுசாக மேலே வந்தது.

"அய்யோ தேவ்ரே!" என்று மேடம் கன்னடத்தில் கத்தினார். மைக்ரோஸ்கோப்பில் வைத்துப் பார்த்தோம். என் உருண்டைகள் ஒன்றையொன்று ஒரு புள்ளியில்தான் தொட்டிருந்தன. இவையோ நசுங்கிய பக்கமும் உடைந்த பக்கமும் ஒட்டி உட்கார்ந்திருந்தன. செல்களுக்குத் தாண்டிப் போக அத்தனை வழி.

"யார் பண்ணினது?"

"அக்காதான் மேடம்" என்றாள் அவள் சட்டென்று.

ஒரு நொடி பேசாமல் இருந்தேன். இருந்தேன்தான், மறைப்பானேன். அப்புறம், "பொய் சொல்றா மேடம். நான் குப்பைன்னு ஒதுக்கினேன். வளர்த்தது இவ" என்றேன்.

மேடம் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "திங்கட்கிழமை ரெண்டு பேரும் சேர்ந்து இதே மாதிரி இன்னும் பத்து பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்குத் திங்கட்கிழமையும் வேலை இருந்தது!

அவர் கதவைத் தாண்டியதும் அவளைக் கட்டிப்பிடித்தேன். பிடித்த கையோடு முதுகில் ஒன்று வைத்தேன். "ஏண்டி, ஒரு வாரமா என்கிட்ட மூச்சு விடலையே!"

"சொல்லியிருந்தா தூக்கிப் போட்டிருப்பீங்கக்கா."

போட்டிருப்பேன்.