கதவை அடைத்த லேத்

டோக்கன்காரர் என்றால்தான் அவரைத் தெரியும். தொழிற்சாலையின் கருவி அறை ஜன்னலுக்குப் பின்னால் முப்பத்திரண்டு வருடம் உட்கார்ந்து, பித்தளை டோக்கனை வாங்கி ஆணியில் மாட்டிவிட்டு ஸ்பானரை நீட்டியவர். எது எந்த அடுக்கில் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். அவற்றில் ஒன்றைக்கொண்டு ஒரு திருகைக்கூட முடுக்கியதில்லை.

இந்தச் சிறு குறையோடு, ஓய்வு பெற்றதும் வீட்டில் பட்டறை தொடங்கினார். பத்தொன்பது வருடம் துருப்பிடித்துக் கிடந்த லேத் ஒன்றை, இரும்பைக் கடைந்தெடுக்கும் இயந்திரத்தை, தொழிற்சாலையில் கேட்டு வாங்கிவந்தார். உலகம் இதை மன்னித்துவிட்டது. மனைவி மன்னிக்கவில்லை. பட்டறைக்காக அவர் பிடித்துக்கொண்டது, அம்மையார் துணி துவைக்கும் அறை.

நான்கு மாதம் லேத்துக்கு மண்ணெண்ணெய்க் குளியல் நடந்தது. வீட்டுப் பனியன்கள் ஒவ்வொன்றாக அதைத் துடைத்தே உயிர்விட்டன. எல்லாம் பளபளத்தது. மோட்டார் மட்டும் உறுமியதே தவிர, சுற்றவில்லை.

"ஞாயித்துக்கிழமை நாலு மணி வரைக்கும்தான் டைம். ஓடலேன்னா பழைய இரும்புக்காரர் வந்து தூக்கிட்டுப் போயிடுவார். சொல்லிட்டேன்" என்றார் மனைவி.

அந்த ஞாயிறு மதியம், பின்பக்கம் எண்ணெய் விட வசதியாக லேத்தைக் கொஞ்சம் நகர்த்த நினைத்தார். அடியில் இரும்புக் குழாய்களைச் செருகி, கடப்பாரையால் ஒரு நெம்பு. துவைக்கிற அறையின் தரை, தண்ணீர் வடிவதற்காக வாசல் பக்கம் சரிவாக இருக்கும் என்பது ஞாபகம் வருவதற்குள் அரை டன் இரும்பு நிதானமாக உருண்டுபோய், உள்பக்கம் திறக்கும் கதவில் சாய்ந்து இளைப்பாறியது. திருப்பி நெம்பிப் பார்த்தார். இடுப்பு நகர்ந்தது, லேத் நகரவில்லை.

"என்னங்க, கதவைத் திறங்க."

"முடியல."

"தாழ்ப்பாள் மாட்டிக்கிச்சா?"

"தாழ்ப்பாள் இல்ல. நான்தான் மாட்டிக்கிட்டேன்."

மனைவி சுற்றிக்கொண்டு ஜன்னல் பக்கம் வந்து, கம்பி வழியே நிலவரத்தைப் பார்வையிட்டார்.

"ஜன்னலுக்குப் பின்னாடியே உக்காந்து பழகின உடம்பு. விடுமா!"

"கிண்டல் அப்புறம். தண்ணி குடு."

டம்ளர் கம்பிக்குள் நுழையவில்லை. அவர் கையைக் குவிக்க, மனைவி வெளியிலிருந்து ஊற்றினார். பாதி சட்டையில் போனது.

"யாரையாவது கூப்பிடட்டுமா?"

"இதை நகர்த்துற சங்கிலி ஒருத்தர்கிட்டதான் இருக்கு."

"யாரு?"

"நாலு மணிக்கு வர்றவர்."

காப்பாற்ற வருகிறவரும் கொண்டுபோக வருகிறவரும் ஒரே ஆள் என்ற நிலையில் மணி மூன்றே முக்கால் ஆனது. மோட்டார் சுற்றாமல் உறுமினால், அதை முதலில் சுழற்றிவிடும் கண்டென்சர் போச்சு என்று அர்த்தம். அது அவருக்கே தெரியும். மூன்றாவது அடுக்கு, இடது ஓரம், கறுப்பு டப்பா. தொழிற்சாலையில். ஸ்டாக் இல்லை என்று கைவிரிக்கும்போதெல்லாம் தொழிலாளர்கள் அவரைத் திட்டிவிட்டு, "சரி, ஒரு முழம் கயிறாவது குடுய்யா" என்பார்கள். எதற்கு என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. இப்போது புரிந்தது.

"ஏம்மா, அந்தத் துணிக்கொடிக் கயிறை அவுத்துக் குடேன்."

"அதையும் விட்டு வைக்கலியா நீங்க?"

கிளிப்போடு கயிறு வந்தது. மோட்டார் புல்லியில் சுற்றினார், சுவிட்சைப் போட்டார், இழுத்தார். முதல் இழுப்பில் உள்ளங்கை எரிந்தது. இரண்டாவதில் அவரே மல்லாந்தார். எழுந்து, கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, மூன்றாவது முறை இழுத்தார். உறுமல் சட்டென்று ஓட்டமாக மாறியது. பெல்ட் படபடத்தது. இரும்பைக் கவ்வும் சக் சுற்றியது. மோட்டாருக்குள் துணி எட்டாமல் கிடந்த பத்தொன்பது வருடத் தூசி மொத்தமும் அவர் முகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஜன்னலில் இரண்டு முகங்கள் தெரிந்தன.

"ஓடுதே அக்கா!" என்றார் இரும்புக்காரர்.

"ஓடினா எடை குறைஞ்சிடுமா?"

"ஓடுற மெஷினை உடைக்க எனக்குக் கை வராதுக்கா. வேற ஆளைப் பாருங்க. முதல்ல சாரை வெளிய எடுப்போம்."

சங்கிலி மாட்டக் கதவை உடைக்க வேண்டும். கதவோ போன வருடம்தான் போட்டது என்று மனைவி அதைத் தொடவிடவில்லை. ஜன்னல் கம்பிகளை அறுத்தார்கள். கூலியாக இரும்புக்காரர் அந்தக் கம்பிகளையே வண்டியில் போட்டுக்கொண்டார். கரித்துணியாக ஸ்டூல் மேல் இறங்கிய கணவரைப் பார்த்து மனைவி தீர்ப்பு சொன்னார்.

"ஓடிருச்சு, சொன்ன சொல் சொன்னதுதான். இருக்கட்டும். ஆனா எனக்குத் துவைக்க இடமில்ல. இனிமே நீங்களே துவைங்க."

தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்த மகிழ்ச்சியில் அவர் உடனே தலையாட்டினார்.

இப்போது தினமும் குளியலறையில் குந்தி உட்கார்ந்து இரண்டு பேர் துணியையும் துவைத்து, பிழிந்து, உலர்த்துகிறார். பதினொரு மணிக்கு ஜன்னல் ஏறிப் பட்டறைக்குள் குதிக்கிறார். லேத்தை ஓடவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார். அதில் என்ன செய்வது என்று இன்னும் தெரியவில்லை. சரியாகப் பன்னிரண்டுக்கு வெளியிலிருந்து குரல் வருகிறது.

"என்னங்க, காஞ்சிருச்சு. மடிக்க வாங்க."