தண்ணீரில் மூழ்கிய துணி

என் மனைவியின் தம்பி இராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் சிறிய தறிக்கூடம் வைத்திருக்கிறான். அவனுடைய மருமகன் ராணுவத்தில் இருக்கிறார். ஒருமுறை தொடையில் குண்டு பாய்ந்து, ரத்தம் நிற்காமல், ஹெலிகாப்டர் வருவதற்குள் உயிர் போய்த் திரும்பியது. காயம் ஆறியதும் மறுபடி எல்லைக்கே போய்விட்டார். அன்றிலிருந்து, தறிக்கூடத்தை ஒட்டிய வீட்டில் அப்பாவோடு இருக்கும் மகளின் கைப்பேசி அடித்தால், அவளுக்கும் முந்தி என் மைத்துனன் நிமிர்ந்து உட்காருவான்.

அதனால்தான் அந்த வேலைக்கு அவன் உடனே சம்மதித்தான். மதுரைப் பக்கத்து ஆய்வுக்கூடம் ஒன்றுக்கு மத்திய அரசின் கிராண்ட் கிடைத்திருந்தது. காயம்பட்ட சிப்பாயின் ரத்தத்தைச் சட்டென்று உறைய வைக்கும் மருந்தைத் துணியில் ஏற்றிக் கட்டுப்போடும் ஆராய்ச்சி. துணி இவன் கொடுக்க வேண்டும். அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்குப் பந்தக்கால் நட்ட வாரத்தில் அந்த ஆய்வுக்கூடத்து டாக்டரம்மா நேரில் வந்தார். நானும் கூட இருந்தேன்.

"கஞ்சி போடக் கூடாது. மெழுகு கூடாது, நீலமும் கூடாது. வெளுத்து அலசின துணி அப்படியே வேணும்" என்றவர், ஒரு துண்டைக் கத்தரித்து வாளித் தண்ணீரில் போட்டார். அது உடனே உள்ளே போயிற்று. "இப்படி முங்குனாத்தான் மருந்தையும் பிடிக்கும், ரத்தத்தையும் பிடிக்கும். மிதந்துச்சுன்னா மேலே மருந்து இருக்கிற மாதிரி தெரியும். காயத்துல வச்சா நிக்காது."

மைத்துனனிடம் துணி வெளுத்து அலசும் மாஸ்டர் வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் துணி கடைசி அலசலில் கஞ்சியும் மெழுகும் குடித்துத்தான் வெளியே வரும். விறைப்பாக மடியும், வெயிலில் மினுங்கும். அப்படி மினுங்காத துணியைத் தன் கையால் வெளியே அனுப்பியதே இல்லை என்பது அவருடைய பெருமை.

கிராண்ட் வருடா வருடம் பிரித்து வருவது. டெல்லியிலிருந்து குழு வந்து பார்த்துத் திருப்திப்பட்டால்தான் அடுத்த வருடத்துக்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் நிலைக்கு வந்த மறுநாள் குழு தறிக்கூடத்துக்கே வந்தது. அவர்கள் கண்ணுக்காக மட்டும் ஒரு துணிக்கட்டுக்கு மாஸ்டர் கஞ்சியும் மெழுகும் போட்டு வைத்திருந்தார்.

"இது எதுக்கு மாஸ்டர்?" என்று கேட்டேன்.

"பொண்ணு பாக்க வாரவுக முன்னால அழுக்குச் சேலையோடயா நிறுத்துவோம்? இது பார்வைக்கு. மத்தது வேலைக்கு."

குழுவினர் தடவிப் பார்த்தார்கள். கிராண்ட் தொடர்ந்தது. வேலைக்கான கட்டை ஆய்வுக்கூடத்து வண்டி வந்து ஏற்றிப் போயிற்று. ஆரம்பத்தில் ஒவ்வொரு கட்டையும் சோதித்த டாக்டரம்மா, அதற்குள் இவன் துணியைச் சோதிப்பதை விட்டிருந்தார்.

அந்தந்த வருட ஞாபகமாக ஏதாவது ஒரு பொருளை எடுத்துவைப்பது என் வழக்கம். புரட்டாசி முதல் சனிக்கிழமை மைத்துனனிடம் ஒரு துண்டு கேட்டேன்.

"பார்வைக் கட்டு சும்மாதான் கெடக்கு அத்தான். அதுல வெட்டித் தாரேன்" என்று ஆளை விட்டுக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தான்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பி வீட்டில் பிரித்தேன். மினுக்கம் இல்லை. சொம்புத் தண்ணீரில் போட்டேன். மிதக்க வேண்டிய துணி, கல்லைப் போலக் கீழே போய்ப் படிந்தது.

வேலைக்கான துணி இங்கே இருக்கிறதென்றால், போனது எது?

அடுத்த பஸ்ஸில் இராஜபாளையம் போனேன். மைத்துனன் மாஸ்டரை வரவழைத்தான். அவர் தயங்கவே இல்லை.

"நான்தான் மாத்தி ஏத்துனேன். பட்டாளத்துக்குப் போற துணி. மேல் துடைக்கிற துண்டு மாதிரியா அனுப்பச் சொல்லுதிய? நம்ம மருமகப்பிள்ள கைக்கே வந்தாலும் வரும்லா. பார்த்தா ஒரு மரியாதை வேண்டாமா?"

மைத்துனன் என் பக்கம் திரும்பினான். "சொன்னா கிராண்ட் நின்னு போகும் அத்தான்" என்றான். போரைப் பற்றி நான் படித்த புத்தகங்களில் குண்டுபட்ட இடத்திலேயே இறந்தவர்களும் உண்டு, ரத்தம் போய் மெதுவாக இறந்தவர்களும் உண்டு. அந்த இரண்டாவது வகையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனும் அதைத்தான் நினைத்திருப்பான். கைப்பேசியை எடுத்தான்.

டாக்டரம்மாவிடம் எதையும் மறைக்காமல் சொன்னான். பிறகு நெடுநேரம் கேட்டுக்கொண்டு மட்டும் இருந்தான். பேசி முடித்த பிறகும் கைப்பேசியைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"மருந்து ஏத்தி, பொட்டியில போட்டு, வடக்க அனுப்பியாச்சாம். சோதிச்சுப் பாக்க முகாமுக்குப் போயிருக்கு. திரும்ப வாங்கச் சொல்லி இப்பவே எழுதுதாவளாம். ஆனா மலை மேல ரோடு அடைச்சுக் கெடக்காம். சேதி போய்ச் சேர எம்புட்டு நாளாகும்னு டாக்டரம்மாவுக்கே தெரியலையாம்."

"எந்த முகாம், மாப்ள?"

"கேட்டேன். அதைச் சொல்லக் கூடாதாம்."

மாஸ்டர் சுவரோரமாகக் குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தத்துக்கு மேலே, வீட்டுக்குள்ளிருந்து மைத்துனன் மகளின் குரல் வந்தது.

"யாருப்பா போன்ல? அவியளா?"