துணைவேந்தர் தலையாட்டிய காலை

நான் சங்கரன்கோவிலில் ஒரு கல்லூரிக்கு முதல்வராக இருந்து ஓய்வு பெற்றவன். என்னைப் போன்றவர்கள் எழுத உட்கார்ந்தால் தங்கள் காலத்தில் எழும்பிய கட்டடங்களைப் பற்றி எழுதுவார்கள். என் காலத்தில் எழும்பியது ஒரு சைக்கிள் கொட்டகை மட்டும். அதனால் வேறொன்றை எழுதுகிறேன். நல்ல ஆசிரியை ஒருவரின் வேலை என்னால் போனது. அது போன விதத்தில் சிரிப்பதற்கு நிறைய இருக்கிறது. சிரித்தால் நான் குறை சொல்ல மாட்டேன்.

பல்கலைக்கழகத்துக்குப் புதிய துணைவேந்தர் வந்திருந்தார். இனிமேல் ஆசிரியர்கள் வகுப்பில் பேசிக்கொண்டே இருக்கக் கூடாது, மாணவர்கள் செய்து பார்த்துக் கற்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. அனுபவவழிக் கற்றல் என்று அதற்குப் பெயர். எங்களைப் போன்ற முதல்வர்களை வரவழைத்து, காலையிலிருந்து சாப்பாட்டு மணி அடிக்கும் வரை நிறுத்தாமல் பேசி அதை விளக்கினார். நாங்கள் குறிப்பெடுத்தோம். நான் ஊருக்குத் திரும்பி என் ஆசிரியர்களைக் கூட்டி அதே பேச்சைச் சாயங்காலம் வரை பேசினேன். அவர்களும் குறிப்பெடுத்தார்கள்.

பிறகு ஒவ்வொரு துறையும் தன்னால் இயன்றதைச் செய்தது. கணிதப் பேராசிரியர் மாணவர்களை வேப்பமரத்தடிக்கு அழைத்துப் போய், கரும்பலகையையும் தூக்கிக்கொண்டு போய், பழைய பாடத்தையே நடத்தினார். வேதியியல்காரர்கள், எங்களுக்கு ஆய்வுக்கூடம் இருக்கிறது, எங்களை விட்டுவிடுங்கள் என்றார்கள். தமிழ்த்துறை ஒரு பெரிய ஃபிளெக்ஸ் வைத்தது. அதில் என் படம் இருந்ததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

உண்மையில் அந்த மாதிரிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் ஒருவர்தான். பொருளியல் துறையில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி. சம்பளம் குறைவு, வேலை வருடத்துக்கு வருடம் நிர்வாகம் புதுப்பித்தால்தான் உண்டு. குருவிகுளம் பக்கம் மானாவாரி நிலம் வைத்திருந்த குடும்பம். மழை பெய்யாத வருடங்களில் அவர் சம்பளம்தான் வீட்டுக்கு வருமானம் என்று எனக்குத் தெரியும். துணைவேந்தரின் சுற்றறிக்கை வருவதற்கு முன்பே அவர் இரண்டாமாண்டு மாணவர்களை அதிகாலையில் ஊர்ப் பூ மார்க்கெட்டுக்கு அழைத்துப் போய் ஏலத்தைப் பார்க்க வைப்பார். தேவை, அளிப்பு, விலை எல்லாம் அங்கே நடந்துகொண்டிருக்கும். அனுமதியில்லாமல் வெளியே அழைத்துப் போனதற்காக நான் அவரைக் கண்டித்ததும் உண்டு. சுற்றறிக்கை வந்த மறுநாள் அதே பெண்ணைக் கூப்பிட்டுப் பாராட்டினேன். அவர் கொஞ்சம் பயந்துபோனார்.

நான் பல்கலைக்கழகத்துக்குப் பெருமையாக எழுதி அனுப்பியிருந்த அந்தப் பூ ஏலப் பாடத்தைத் தானே வந்து பார்ப்பதாகத் துணைவேந்தர் சொல்லிவிட்டார். ஏலம் விடியும்போது நடப்பது. துணைவேந்தர் பதினொரு மணிக்கு வருபவர். அவரையே சீக்கிரம் வரச் சொல்லலாமே சார் என்றார் இந்த ஆசிரியை. நான் சிரித்துவிட்டு, மார்க்கெட்டைக் கல்லூரிக் கலையரங்கத்துக்குக் கொண்டு வர ஏற்பாடு செய்தேன். ஒரு கமிஷன் கடைக்காரர் அன்றைய மல்லிகையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்து, வாடிக்கை வியாபாரிகளையும் கூட்டி வந்து, எங்கள் முன்னால் நிஜமாகவே ஏலம் போட ஒப்புக்கொண்டார்.

அந்த ஆசிரியை என் அறைக்கு வந்து தடுத்துப் பார்த்தார்.

"சார், அங்க யாரும் வாயால விலை கேக்க மாட்டாங்க. தலையாட்டினா கேட்டதா அர்த்தம். பிள்ளைங்களைக் கூட்டிட்டுப் போகும்போதே தலையைக் குனிஞ்சு நில்லுங்கன்னுதான் சொல்லுதேன். நிஜ ஏலம் இங்கன வேண்டாம் சார். பிள்ளைங்களே காகிதப் பூ வச்சு நடத்தட்டும்."

துணைவேந்தருக்குக் காகிதப் பூவா என்றேன். அப்படியானால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள் என்றார். சொல்கிறேன் என்றேன்.

ஒத்திகை பார்த்தோம். மாணவர்களுக்குத் தானாகத் தோன்ற வேண்டிய கேள்விகளை நானே எழுதிக் கொடுத்தேன். ஒருவன் தப்பான கேள்வி கேட்க வேண்டும், இன்னொருத்தி அவனைத் திருத்த வேண்டும். அந்தப் பையன் இரண்டு பங்கையும் மனப்பாடம் செய்து, கேள்வியையும் கேட்டுத் திருத்தத்தையும் தானே சொல்லிவிட்டான். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம்.

அந்த நாள் வந்தது. வரவேற்பு நடனம், குத்துவிளக்கு, பொன்னாடை எல்லாம் முடிந்து துணைவேந்தரைப் பூக்கூடைகளுக்கு நடுவே ஒரு சோபாவில் உட்கார வைத்தோம். பக்கத்தில் நான். அவர் எதற்கும் தலையாட்டுகிறவர் என்பதை நடனத்தின்போதே கவனித்தேன். தாளத்துக்கும் ஆட்டினார், தாளம் நின்ற பிறகும் ஆட்டினார். நான் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் துணைவேந்தரிடம் போய், ஐயா, தலையாட்டாதீர்கள் என்று எந்த முதல்வர் சொல்வார்?

ஏலம் தொடங்கியது. அடுத்த நாள் முகூர்த்தம் என்பதால் வியாபாரிகள் மும்முரமாக இருந்தார்கள். கடைக்காரர் விலை சொன்னார். துணைவேந்தர் ரசித்துத் தலையாட்டினார். கடைக்காரர் அவரை ஒருமுறை உற்றுப் பார்த்துவிட்டு விலையை ஏற்றினார். வியாபாரிகள் திரும்பி, சஃபாரி உடுப்பில் வந்திருக்கும் இந்தப் புது ஆள் யார் என்று பார்த்தார்கள். ஒருவர் ஆட்டினார், இவரும் ஆட்டினார். விலை ஏறிக்கொண்டே போனது. துணைவேந்தர் என் பக்கம் சாய்ந்து, பிரமாதம், இது யாருடைய யோசனை என்று கேட்டார்.

"என்னுடையது சார்" என்றேன்.

அந்த ஆசிரியை எங்கள் சோபாவுக்குப் பின்னால் இளநீர்த் தட்டோடு நின்றுகொண்டிருந்தார். துணைவேந்தர் என் பதிலுக்கும் தலையாட்டினார். விலை இன்னும் ஒருபடி ஏறியது.

வியாபாரிகள் ஒவ்வொருவராக ஒதுங்கினார்கள். கூடைகள் எல்லாம் துணைவேந்தர் காலடிக்கு வந்தன. அதுவும் மரியாதையின் ஒரு பகுதி என்று நினைத்து அவர் ஒரு கை அள்ளி முகர்ந்தார். கடைக்காரர் பணிவாக, எந்த வண்டியில் ஏற்றட்டும் என்று கேட்டார். எதற்கு என்றார் துணைவேந்தர்.

"அண்ணாச்சிதான கேட்டிய. இத்தன பேரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாவ."

பின்னாலிருந்து ஒரு வியாபாரி, "அவரு விளையாட்டுக்கு ஆட்டினாருன்னா எங்களை எதுக்குவே கூப்பிட்ட? நாளைக்கு முகூர்த்தத்துக்கு நான் எங்க போய்ப் பூ எடுக்க?" என்றார்.

துணைவேந்தர் முகம் மாறியது. என்ன ஏற்பாடு இது என்று என்னைக் கேட்டார். நான் திரும்பி அந்த ஆசிரியையைக் காட்டினேன். இவர் ஏற்பாடு என்றேன்.

"இப்பத்தானே உங்க யோசனைன்னு சொன்னீங்க?"

"யோசனை என்னுது சார். ஏற்பாடு இவங்க."

இவ்வளவு துல்லியமாக நான் வகுப்பில்கூட எதையும் பிரித்துச் சொன்னதில்லை. அந்த ஆசிரியை தட்டைக் கீழே வைத்துவிட்டு மாணவர்களை வெளியே அழைத்துப் போனார்.

பூவுக்குரிய பணத்தைக் கல்லூரி கொடுத்தது. பூவில் பாதி கோயிலுக்குப் போனது, மீதி எல்லா மாணவிகளின் தலைக்கும் கல்லூரிப் பேருந்துகளின் முன்கண்ணாடிக்கும் போனது. அந்த வாரம் முழுவதும் என் அறை கல்யாண மண்டபம் போல மணத்தது. பிறகு வந்த பல்கலைக்கழக அறிக்கையில், துணைவேந்தரே நேரில் பங்கேற்ற முன்மாதிரிக் கற்றல் நிகழ்வு என்று அது இடம்பெற்றது. கற்பித்தலில் புதுமையை ஊக்குவித்த தலைமை என்று எனக்கு ஒரு கேடயமும் கொடுத்தார்கள். போய் வாங்கிக்கொண்டேன்.

ஆனால் அதற்கு முன்பே, கோடை விடுமுறையில், வேலைகளைப் புதுப்பிக்கும் நிர்வாகக் கூட்டம் நடந்தது. பூவுக்குப் பணம் கொடுத்த கோபம் கல்லூரிச் செயலருக்கு ஆறவில்லை. அந்த ஆசிரியையின் பெயர் வந்ததும் நிறுத்தி, இவங்க வேணுமா சார் என்று என்னைக் கேட்டார். ஏற்பாடு முழுவதும் என்னுடையது, அவர் வேண்டாம் என்றுதான் சொன்னார் என்று நான் சொல்லியிருந்தால் போதும். அப்போது என் வாயில் வடை இருந்தது. செயலர் கொஞ்சம் காத்திருந்தார். நான் மென்றுகொண்டே இருந்தேன். அவர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். பல வருடங்கள் இதை, வாயில் வடை இருந்ததால் பேச முடியவில்லை என்றே எனக்குள் சொல்லிவந்தேன். ஒரு வடையை மெல்ல அவ்வளவு நேரம் ஆகாது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் பேருந்து நிலையத்தில் அவரைப் பார்த்தேன். அவரே வந்து, நல்லா இருக்கீங்களா சார் என்று கேட்டார். கோவில்பட்டியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்ப்பதாகச் சொன்னார். நான் அங்கேயே நின்று, வடை உட்பட எல்லாவற்றையும் சொல்லி, மன்னிக்கும்படி கேட்டேன்.

"தெரியும் சார். அன்னைக்குக் கூட்டத்துக்கு டீ கொண்டு வந்தவரே சொல்லிட்டாரு."

பேருந்து வருகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்.

"அதுக்கப்புறம் ஒரு வருஷம் வீட்டுல சும்மா இருந்தேன் சார். அப்ப வந்து இதைச் சொல்லியிருந்தா, உங்க பேரைச் சொல்லி வேற காலேஜ்ல வேலை கேட்டிருப்பேன். இப்ப சொல்லுதீங்க. இப்ப நான் என்ன செய்யணும்? உங்களைத் தேத்தணுமா?"

அதற்குள் அவருடைய பேருந்து வந்து நின்றது. ஏறப் போனவர் திரும்பி, நீங்க எந்த பஸ்ஸுக்கு நிக்கீங்க என்று கேட்டார். எதற்கும் இல்லை, பேப்பர் வாங்க வந்தேன் என்றேன். அப்ப வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க சார் என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் நடந்ததைச் சொன்னேன். மன்னித்துவிட்டாளா என்று கேட்டாள். வெயிலில் நிற்க வேண்டாம் என்று சொன்னார், அதற்கு அப்படி அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் இல்லையா என்றேன்.

"அது எந்தக் கிழவனைப் பாத்தாலும் சொல்லுததுதான்" என்றாள் மனைவி.