கோழிப்பண்ணை வாசலில் ஜெயித்த எங்கள் அக்கா

அக்கா இருக்கும்போதே இதை எழுத வேண்டும் என்று பல வருடம் நினைத்தேன். எட்டாவதோடு படிப்பை விட்டு முட்டை லோடு ஓட்டுகிறவன் எழுதினால் நாலு பேர் சிரிப்பார்களோ என்று தள்ளிப் போட்டேன். இன்று முதலாம் ஆண்டு நினைவு நாளில், நாமக்கல் ஆஞ்சநேயர் மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது பனமரத்துப்பட்டி பக்கம். அப்பா சீக்கிரமே காலமாகிவிட, அம்மா களை வெட்டி எங்களை ஆளாக்கினார். அக்கா நர்ஸ் பயிற்சி முடித்து, எருமப்பட்டி வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராகச் சேர்ந்தார். மாமா லாரியில் வடக்கே போனால் திரும்ப நாளாகும். இரண்டு பிள்ளைகளையும் தனியாகப் பார்த்துக்கொண்டேதான் ஊர் ஊராக நடந்தார்.

"கூப்பிட்டுப் போனா அது வைத்தியம் சாமி. கூப்புடாம போறதுதான் எங்க வேலை" என்பார். நோவு வந்தவரை எல்லோரும் பார்ப்பார்கள். வருவதற்கு முன்னால் தேடிப் போவதே அவருடைய தர்மம்.

ஒருநாள் சாப்பிடும்போது, நான் லோடு ஏற்றும் பண்ணையில் ஒடிசாவிலிருந்து வந்த கர்ப்பிணி ஒருத்தி கால் வீங்கி நடக்கிறாள் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அக்கா சோற்றில் கை வைத்தபடியே, எத்தனை மாதம், தலைவலி உண்டா என்றெல்லாம் கேட்டார். எனக்கு எதுவும் தெரியவில்லை. மறுநாள் காலையிலேயே என் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். பண்ணைக்காரர் கோபித்துக்கொண்டால் என் லோடு போய்விடுமே என்று எனக்குப் பயம்.

பண்ணைக்காரர் கேட்டிலேயே மறித்தார். முன்பு ஒருமுறை சீக்கு வந்து கொட்டகை கொட்டகையாகக் கோழியைப் பறிகொடுத்தவர் அவர்.

"அம்மிணி, நீங்க பத்து ஊரு மிதிச்சுட்டு வர்றீங்க. உங்க காலோட சீக்கு வந்துச்சுன்னா என் கோழி பூராம் போயிருமுங்க."

"நாயந்தானுங்கண்ணா. நான் உள்ளார வரலீங்க. அந்தப் புள்ளைய இந்த வேப்பமரத்தடிக்கு அனுப்புங்க, போதும்."

"அவ நல்லாத்தானுங்க இருக்கறா."

"கோழி நல்லா இருக்கறப்பத்தானுங்களே நீங்களும் தடுப்பூசி போடறீங்க? சீக்கு வந்தப்புறம் போட்டு என்ன பண்றதுங்க?"

அவர் என்னைப் பார்த்து, "உங்கக்கா வக்கீலுக்குப் படிச்சிருக்கோணும்" என்று சிரித்துவிட்டு ஆள் அனுப்பினார்.

வந்த பெண்ணுக்கு இரத்த அழுத்தம் மிகவும் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். கூலி போய்விடும் என்று கூடவே வந்த புருஷனுக்கும் மனமில்லை. அக்கா அதட்டவில்லை. தன் காலைக் கட்டைவிரலால் அழுத்திக் காட்டினார், குழி விழவில்லை. அவள் காலை அவளையே அழுத்தச் சொன்னார். விழுந்த குழி மேலே எழவேயில்லை. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தானாக எழுந்து புருஷன் கையைப் பிடித்தாள். கூலி பிடிக்க மாட்டேன் என்று சொல்லித் தன் காரை எடுத்தவர் பண்ணைக்காரரேதான்.

இன்னும் சில நாள் விட்டிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றார்கள் டாக்டர்கள். கடவுள் கிருபையால் தாயும் பெண் குழந்தையும் நலமாக வீடு திரும்பினார்கள்.

அக்கா அத்தோடு விடவில்லை. பண்ணைக்காரரிடமே சொல்லி, மற்ற முதலாளிகள் கூடிய இடத்தில் பேச வைத்தார். இன்று அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் கேட்டுக்கு வெளியே ஒரு சின்ன அறை உண்டு. மாதம் தவறாமல் நர்ஸ் வருகிறார். வடக்கத்திப் பெண்களும் பிள்ளைகளும் வந்து காட்டிக்கொள்கிறார்கள்.

கடைசி நாட்களில் அக்காவைத் தேடி வீட்டுக்கே வந்து கவனித்த செவிலியர்களுக்கும், காரியங்களில் தோள் கொடுத்த பங்காளிகள், மாமன் மச்சான்கள், நண்பர்கள் எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் கைகூப்பிய நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். அக்கா கேட்டைத் தள்ளிக்கொண்டு போனார், முதலாளியை வெளுத்து வாங்கினார் என்று நம் சொந்தத்திலேயே சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் சண்டை போட்டிருந்தால் அன்றைக்கு அந்த ஒரு கேட்தான் திறந்திருக்கும். உங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள்: எங்கள் அக்கா வெளியேதான் நின்றார், அவர்களாகவே வந்தார்கள்.