துவைக்காத சட்டை

அந்த யோசனை என்னுடையது. வேறு யார் தலையிலும் கட்ட முடியாது. அதுதான் எனக்கு ஆற்றாமை.

மகளுக்கு நான்கு மாதம் முடிந்ததும் மறுபடி மலை வேலைக்குப் போக ஆரம்பித்தேன். சிலமலையில் விடியற்காலை ஜீப்பு ஏறினால், போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் இறக்கிவிடுவார்கள். அங்கே காய் பொறுக்கித் தரம் பிரிக்கும் வேலை. வீடு திரும்பச் சாயங்காலம் ஆறு மணியாகிவிடும். தடுப்பூசி போடும் நர்சம்மா தெளிவாகத்தான் சொன்னார். "காலையிலயும் வந்த பிறகும் தாய்ப்பால் குடு. நடுவுல பவுடர் பால் குடுத்துக்கலாம். பவுடர் இருக்குன்னு உன் பாலை விட்டுறாத." எனக்கு முன்னால் வேலைக்குத் திரும்பியவர்கள் சிலருக்குச் சீக்கிரமே பால் வற்றிப்போனதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அப்படி ஆகவிடுவதில்லை என்று வீம்பாக இருந்தேன்.

பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டது என் நாத்தனார். வீட்டுக்காரரின் தங்கை. கல்லூரி முடித்துவிட்டுக் கல்யாணத்துக்காகக் காத்திருந்த பெண். முதல் மூன்று நாள் மகள் புட்டியை வாயில் வாங்கவே இல்லை. சங்கில் ஊற்றினால் துப்பினாள். நான் ஜீப்பை விட்டு இறங்கும்போதே தெருமுனை வரை அழுகை கேட்கும். ஓடிப்போய் வேலைச் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து பால் கொடுப்பேன்.

மலைக்குப் போகும் பெண்கள் சேலைக்கு மேல் வீட்டுக்காரரின் பழைய முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்வோம். நாளெல்லாம் காய்க் குவியல் நடுவே உட்கார்ந்தால் அந்த ஏலக்காய் வாசம் சட்டையில் ஊறிவிடும். மகள் அந்தச் சட்டையில் மூக்கைத் தேய்த்துக்கொண்டேதான் பால் குடிப்பாள். அதைப் பார்த்ததும் என் மூளை வேலை செய்தது. நாலாம் நாள் சட்டையைத் துவைக்காமல் நாத்தனாரிடம் கொடுத்தேன்.

"இதைப் போட்டுக்கிட்டுப் புட்டியைக் குடுத்துப் பாரு தாயி."

அன்றைக்கு மகள் முழுப் புட்டியையும் குடித்தாளாம். "நான்தான் நீங்கன்னு நெனச்சுட்டா மதினி" என்று நாத்தனார் சிரித்தாள். நானும் சிரித்தேன். இரண்டு சட்டைகளை மாற்றி மாற்றிக் கொடுத்து வாசம் குறையாமல் பார்த்துக்கொண்டேன். ஜீப்பில் எல்லோரிடமும் பெருமையடித்தேன்.

அப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து வரும் ஒரு அக்கா சொன்னார். "வேலை செஞ்ச சூட்டோட பால் குடுக்காத ஆத்தா. பிள்ளைக்கு ஆகாது. குளிச்சிட்டுக் குடு." எங்கள் பக்கம் எல்லோரும் சொல்வதுதான். அன்றிலிருந்து வந்ததும் சட்டையை நாத்தனாரிடம் கழற்றிக் கொடுத்துவிட்டு, சோப்புப் போட்டுக் குளித்து, துவைத்த சேலை கட்டிக்கொண்டுதான் பிள்ளையைத் தூக்கினேன். பெரிய அக்கறைக்காரி.

பத்து நாளில் மகள் சாயங்காலப் பாலை மறுக்கத் தொடங்கினாள். மார்பில் வைத்தால் முதுகை வளைத்து அழுவாள். நாத்தனார் பக்கம் கையை நீட்டுவாள். விடியற்காலை மட்டும் அரைத் தூக்கத்தில் கொஞ்சம் குடித்தாள், பிறகு அதுவும் குறைந்தது. குடிக்க ஆள் இல்லாவிட்டால் பாலும் எத்தனை நாளைக்கு ஊறும்?

நான் வருவதற்குச் சற்று முன்னால் நாத்தனார் புட்டியைக் கொடுத்து வயிற்றை நிரப்பிவிடுகிறாள் என்று எனக்குத் தோன்றியது. தோன்றியதோடு விட்டிருக்கலாம். ஒருநாள் புட்டியை எடுத்து முகர்ந்தே பார்த்தேன்.

"நாலு மணிக்கு மேல ஒண்ணுமே குடுக்கல மதினி" என்றாள்.

"எம்புள்ளைய எங்கிட்ட இருந்து பிரிச்சுட்டேல்ல" என்றேன்.

அவள் அடுப்படிக்குப் போய்விட்டாள். மறுநாளும் அதே சட்டையைப் போட்டுக்கொண்டுதான் என் மகளுக்குப் புட்டிப்பால் கொடுத்தாள். ஆறாம் மாதம் எனக்குப் பால் அடியோடு நின்றுபோனது. அந்தக் கோபத்தையும் அவள் மேலேயே வைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் அவளைக் கட்டிக்கொடுத்தோம். அவள் ராசிங்காபுரம் போன இரண்டாம் நாள், அவள் மடித்து வைத்துவிட்டுப் போன வேலைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, அழுதுகொண்டிருந்த மகளைத் தூக்கினேன். அழுகை நின்றது. சட்டையில் மூக்கைத் தேய்த்தாள். பக்கத்தில் புட்டி நிறையப் பால் இருந்தது, அதை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. என் மார்பில் முகத்தை முட்டி முட்டி வாயைத் திறந்தாள்.

அப்போதுதான் விளங்கியது. இத்தனை நாளும் அவள் நாத்தனாரிடம் தேடிப் போனது என்னைத்தான். அம்மா என்றால் ஏலக்காய் வாசம் என்று பழகியிருந்தவளிடமிருந்து அந்த வாசத்தைக் கழற்றி இன்னொருத்திக்குக் கொடுத்துவிட்டு, சோப்பு மணத்தோடு போய் நின்றவள் நான். மகளை இறுக்கிக்கொண்டு அழுதேன். கொடுக்க ஒன்றும் இல்லை.

அன்றைக்கே நாத்தனாருக்குப் போன் போட்டிருக்க வேண்டும். போடவில்லை. நல்ல நாள் பெரிய நாளுக்கு வருவாள், போவாள், மகளைக் கொஞ்சுவாள். மன்னிப்புக் கேட்கலாம் என்று இருக்கும்போதே பஸ்சுக்கு நேரமாகிவிடும். இரண்டு வருடம் அப்படியே ஓடியது.

போன வாரம் அவளே கூப்பிட்டாள். அவளுக்கு இப்போது கைப்பிள்ளை. போடியில் ஒரு ஏலக்காய்க் கடையில் வேலைக்குப் போகப்போகிறாள், பகலில் புட்டிப்பால்தான். "நீங்க செஞ்ச மாதிரியே சட்டையை மாமியார்கிட்டக் குடுத்துட்டுப் போகவா மதினி?"

"குடு. ஆனா சாயந்தரம் வந்து நீ குளிச்சிட்டு நிக்காத. கையை மட்டும் கழுவிட்டு, அந்தச் சட்டையை நீ போட்டுக்கிட்டுப் பால் குடு. இல்லாட்டி உன்னைத் தெரியாமப் போயிரும்."



"அப்ப நாலு மணிக்கு மேல நான் புட்டி குடுக்கலன்னு தெரிஞ்சுபோச்சா மதினி? எப்பத் தெரிஞ்சது?"

"இப்பத்தான் தாயி" என்றேன்.