காசிலே வேறொருவர் பெயர்

பிள்ளைகளே, ஜெர்மனியின் பான் நகரத்துப் பழைய சாமான் சந்தையில் யாழ்ப்பாணத்தவர் ஒருவர் பழங்காசு விற்றார். மெலிந்த மனிதர், பேசும்போதும் ஏதாவதொரு காசைப் பெருவிரலால் தடவிக்கொண்டேயிருப்பார்.

அன்று அவர் தடவியது, பல நூறு வருடங்களுக்கு முன் பிரான்சின் பிரபுக்கள் தத்தம் பகுதிக்கென அடித்த சிறிய வெள்ளிக்காசு.

"அண்ணை, இதில இருக்கிறது பிரபுவின்ர பேரோ?" என்று கேட்டேன்.

"இல்லைத் தம்பி, எப்பவோ செத்த ராசாவின்ர பேர். மாத்தினால் சனம் வாங்காதெண்டு அப்பிடியே விட்டிட்டினம்."

"செத்தவரின்ர பேரில சீவியமோ!" என்று சிரித்தேன்.

"நானும் அப்பிடித்தான். செத்த தமையன்ர பாஸ்போட்டில வந்தனான். என்ர பிள்ளையளின்ர பேருக்குப் பின்னால நிக்கிறதும் அவற்ற பேர்தான்."

பிறகு தன் சொந்தப் பெயரை மெதுவாகச் சொன்னார். "ஒருக்காக் கூப்பிடுங்கோவன்."

கூப்பிட்டேன். "ஓம்" என்று சொல்ல அவருக்குச் சற்று நேரமானது. அது கூச்சமா, மறதியா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.