ஊதித் துடைத்த மூடிகள்

மாரப்பன் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும் வாயால் ஒருமுறை ஊதி, போட்டிருக்கும் பனியனில் தேய்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். டீ டம்ளர், கொய்யாப்பழம், கல்யாணப் பத்திரிகை எல்லாவற்றுக்கும் அதே மரியாதைதான். சட்டைப் பொத்தான்களைத் திறந்து போட்டிருப்பதே இதற்காகத்தான் என்று நினைக்கிறேன். சுத்தமானவர் என்று அவரைச் சொல்ல முடியாது. துடைப்பவர், அவ்வளவுதான்.

சாமளாபுரத்தில் அவர்கள் வீட்டில் தறி ஓடியது. தறியைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் கட்டிலில் படுத்துக்கொள்வார். "சத்தம் கேக்குதல்ல? கேக்கற வரைக்கும் ஓடுதுன்னு அர்த்தம்" என்பார். அப்பா இறந்தபிறகு சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தறிகள் பழைய இரும்புக்குப் போயின. அவர் திருப்பூர் பல்லடம் ரோட்டுக்கு, தங்கை செல்லாத்தாள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

செல்லாத்தாளின் கணவர் ஆத்தப்பனுக்கு அங்கே பனியன் கம்பெனி. எண்பத்தேழில், கம்பெனிக்குப் பின்னால் இருந்த ஷெட்டில், பெங்களூர்க் கம்பெனி ஒன்றுக்கு உலோக மூடி செய்யும் வேலையை எடுத்தார். மச்சான் சும்மா இருக்கிறாரே என்று அவரையே மேனேஜராக உட்கார வைத்தார். நான் அந்த ஷெட்டில் கழுவும் பகுதியில் இருந்தேன்.

மூடி என்றால் பாட்டில் மூடி இல்லை. கொண்டைக்கடலை அளவுகூட இருக்காத தொப்பி. பெங்களூரில் அதற்குத் தங்க முலாம் பூசி, சிலிக்கான் சில்லுக்கு மேல் கவிழ்த்து, சுற்றிலும் வெல்டு வைப்பார்கள். அந்தச் சில்லு, இதயம் சரியாகத் துடிக்காதவர்களின் நெஞ்சுத் தோலுக்கு அடியில் வைக்கும் கருவிக்குள் போகும். விளிம்பில் ஒரு தூசி இருந்தால் அங்கே முலாம் ஒட்டாது, வெல்டும் பிடிக்காது; ஈரம் உள்ளே போய்விடும். இதை முதல் நாளே எங்கள் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள். மாரப்பனும் தலையாட்டிக் கேட்டார். கேட்டதில் கல்யாண வீடுகளில் சொல்ல உதவும் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டார். "நம்ம மூடி இல்லீன்னா உசுரு இல்லீங்க" என்று பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் சொல்வார்.

மூடியைத் துடைக்க, நூல் உதிராத துணி பெங்களூரிலிருந்தே வந்துகொண்டிருந்தது. மூன்றாம் வருஷம் அதை நிறுத்தியவர் அவர்தான். "திருப்பூர்க்காரன் துணிய வெளியூர்ல வாங்குனா நாய்கூடச் சிரிக்கும்" என்று சொல்லி, முன் ஷெட்டிலிருந்து பனியன் வெட்டுத் துண்டுகளை மூட்டையாகக் கொண்டுவந்து போட்டார்.

மைக்ராஸ்கோப்பில் மூடிகளைப் பார்த்து, பழுதானதைக் கழிப்பவள் சின்னாத்தாள். அதற்கு முன்பு பனியன் செக்கிங்கில் நின்று நின்று காலில் நரம்பு சுருண்டு போனவள். இனி நிற்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். உட்கார்ந்து செய்யும் வேலை எங்கள் பக்கத்தில் வேறெங்கும் கிடையாது. அந்த நாற்காலி போனால் அவள் கால் போச்சு.

"மேனேஜருங்க, விளிம்புல நூலு ஒட்டியிருக்குதுங்க" என்றாள் ஒருநாள்.

"ஏம் புள்ள, பனியன் கம்பெனில நூலு இல்லாம நெல்லா இருக்கும்? அந்தக் கண்ணாடியப் பாத்துப் பாத்து உனக்கு எல்லாமே பெருசாத் தெரியுது."

அவள் கழித்து வைத்த ட்ரேயை அவர் சாயங்காலம் எடுப்பார். ஒவ்வொரு மூடியாக ஊதுவார், பனியனில் தேய்ப்பார், நல்ல ட்ரேயில் போடுவார். பிறகு ஆத்தப்பனிடம் போய், "கழிவே இல்லீங்க மாப்ள" என்பார். அவரும் நம்புவார். அவர் மூளையும் அந்த மூடி அளவுதான்.

தொண்ணூற்றொன்றில், விளிம்பில் தூசி என்று ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. பின்னாலேயே பெங்களூர் என்ஜினியரும் வந்தார். மாரப்பன் அவருக்கு நாற்காலி போடுவதற்கு முன்பே ஆளைக் காட்டிவிட்டார்.

"அந்தப் புள்ளதானுங்க செக்கிங்கு. தலை நெறையப் பூ. புருசன் வேற மில்லுல பஞ்சு அள்ளறவன்."

"அவள நிறுத்திரலாமுங்க" என்றார் ஆத்தப்பன். சின்னாத்தாள் மைக்ராஸ்கோப்பின் கழுத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"முதல்ல வேலை எப்படி நடக்குதுன்னு காட்டுங்க" என்றார் என்ஜினியர்.

அதற்கென்றே காத்திருந்தவர்போல மாரப்பன் ஒரு மூடியை எடுத்தார். வெறும் விரலால்தான். ஊதினார். நெஞ்சில் தேய்த்தார். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "பாருங்க, முகம் பாக்கலாம்" என்றார்.

என்ஜினியர் அதை வாங்கி மைக்ராஸ்கோப்புக்குக் கீழே வைத்துப் பார்த்தார். பிறகு மாரப்பனையே பார்க்கச் சொன்னார். அவர் குனிந்து, ஒரு கண்ணை மூடி, வெகுநேரம் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"நைஸ் நூலுங்க. நம்ம துணிதான்" என்றார், பெருமையாக.

"சார், இது மனுஷன் உடம்புக்குள்ள போற பொருள்."

"போகட்டுமுங்க. பனியன உடம்புலதான போடறோம்? நூலு ஒண்ணும் பண்ணாதுங்க."

என்ஜினியர் பையை மூடிக்கொண்டு ஆத்தப்பனிடம் சொன்னார்: "அந்தம்மா மேல தப்பில்ல. இவரை மாத்துங்க. இல்லேன்னா ஆர்டர் கிடையாது."

அன்று சாயங்காலமே செல்லாத்தாள் ஷெட்டுக்கு வந்துவிட்டாள். "எங்கண்ணன் என்ன களவாண்டானா? பேனைப் பெருமாளாக்கற சிறுக்கிய உக்கார வெச்சுட்டு, அவன அனுப்புவீங்களா?" என்று எங்கள் முன்னாலேயே கேட்டாள். பெண்டாட்டி போனதும் ஆத்தப்பன் சின்னாத்தாளிடம் வந்தார்.

"கண்ணு, நாளைல இருந்து முன் ஷெட்டுக்குப் போயிரு."

"நிக்க முடியாதுங்க."

"அப்பப்ப சாஞ்சுக்க, சாமி."

ஆளை மாற்றிவிட்டோம் என்று பெங்களூருக்குச் சொல்லிவிட்டார்கள். பொய்யும் இல்லை, மாற்றியது வேறு ஆளை. அவர்கள் பார்க்க வரும் நாட்களில் மாரப்பனைத் தோட்டத்துக்கு அனுப்பிவிடுவார்கள். மற்ற நாட்களில் அவர் வழக்கம்போல ஊதிக்கொண்டிருந்தார். அடுத்த லோடும் திரும்பியது. அதற்குப்பின் பெங்களூரிலிருந்து ஆளும் வரவில்லை, ஆர்டரும் வரவில்லை.

இப்போது அந்த ஷெட்டில் காலர் வைத்த பனியனுக்குப் பட்டன் வைக்கிறார்கள். மேனேஜர் மாரப்பன்தான். சின்னாத்தாள் முன் ஷெட்டில் காலில் துணி சுற்றிக்கொண்டு, நின்றபடி செக்கிங் பார்க்கிறாள்.